கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது பாதியில் நிற்கிறதா? எங்கே நின்றது என்று முதலில் பாருங்கள்

பவர் பட்டனை அழுத்துகிறோம். விசிறி சுற்றுகிறது, லோகோ வருகிறது, அதற்குக் கீழே புள்ளிகள் வட்டமாகச் சுற்றுகின்றன, பத்து நிமிடம் கழித்து வந்து பார்த்தாலும் அதே புள்ளிகள்தான். இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் செய்வது இரண்டில் ஒன்று. அணைத்து அணைத்துப் போட்டுப் பார்ப்பார்கள், இல்லாவிட்டால் "ஃபார்மட் பண்ணிவிடலாம்" என்று முடிவுக்கு வந்துவிடுவார்கள். இரண்டுமே அவசர வேலை. ரேம் சரியாக உட்காராத கம்ப்யூட்டருக்கு ஃபார்மட் மருந்தே இல்லை. ஹார்ட் டிஸ்க் செத்துக்கொண்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம்: ஃபார்மட் செய்தால் உள்ளே இருந்த படங்களும் ஆவணங்களும் போய்விடும், கம்ப்யூட்டரும் கொஞ்ச நாளில் மறுபடி நின்றுவிடும்.

"ஸ்டார்ட் ஆகவில்லை" என்பது ஒரு கோளாறின் பெயர் அல்ல. அதன் பின்னால் முற்றிலும் வேறு வேறான பல கோளாறுகள் இருக்கலாம். நல்ல செய்தி என்னவென்றால், எந்த இடத்தில் நின்றது என்று கவனித்தாலே முக்கால்வாசிக் காரணங்களைக் கழித்துவிடலாம். அதற்கு, ஆன் ஆகும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருந்தால் போதும்.

உள்ளே நடப்பது ஐந்து கட்டம்

கம்ப்யூட்டர் ஆன் ஆவதை பூட் ஆவது என்கிறோம். இதில் ஒரே புரோகிராம் முழு வேலையையும் செய்வதில்லை. சின்ன புரோகிராம் அடுத்த பெரிய புரோகிராமைத் தேடிப் பிடித்து நினைவகத்தில் ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது, அது அதற்கடுத்ததை ஏற்றுகிறது.

1. மின்சாரம். பவர் சப்ளை தன் வோல்டேஜ்கள் நிலையாக வந்ததும் மதர்போர்டுக்கு ஒரு சிக்னல் அனுப்புகிறது. அது வரும்வரை பிராசஸர் வேலையைத் தொடங்காது. விசிறி சுற்றுவதை வைத்து மின்சாரம் சரியாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாமல் போவது இதனால்தான்.

2. ஃபர்ம்வேர். மதர்போர்டிலேயே ஒரு சிப்பில் இருக்கும் புரோகிராம். 1981இல் வந்த ஐபிஎம் பிசி காலத்திலிருந்து இதற்கு பயாஸ் என்று பெயர், இன்றைய கம்ப்யூட்டர்களில் இருப்பது அதன் வாரிசான யூஇஎஃப்ஐ, ஆனாலும் எல்லோரும் பயாஸ் என்றே சொல்கிறோம். இது பிராசஸர், ரேம், டிஸ்ப்ளே, கீபோர்டு, டிஸ்க் எல்லாம் பதில் சொல்கின்றனவா என்று ஒரு சுற்று பார்க்கிறது.

3. பூட் லோடர். பழைய முறையில் டிஸ்க்கின் முதல் 512 பைட்டில் ஒரு குட்டி புரோகிராம் இருக்கும். யூஇஎஃப்ஐ முறையில் இதற்கென்றே டிஸ்க்கில் ஒரு சின்ன பார்ட்டிஷன் உண்டு, ஃபைல் மேனேஜரில் கண்ணுக்குத் தெரியாது. விண்டோஸ் எந்த டிஸ்க்கில், எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்ற குறிப்பு இங்கேதான் இருக்கிறது.

4. கெர்னலும் டிரைவர்களும். விண்டோஸின் மையப்பகுதி ஏறுகிறது, கூடவே டிஸ்க்கைப் படிக்க, டிஸ்ப்ளேயை இயக்க என்று டிரைவர்கள் வரிசையாக ஏறுகின்றன. ஆன்டிவைரஸின் ஒரு பகுதியும் இங்கேயே ஏறிவிடும்.

5. சர்வீஸ்கள், லாகின், டெஸ்க்டாப். பாஸ்வேர்டு கேட்கும் திரை வந்துவிட்டால் கடினமான பகுதி எல்லாம் முடிந்துவிட்டது என்று பொருள்.

நிற்பது வேறு, பிழை காட்டுவது வேறு

இந்த வித்தியாசத்தை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை, ஆனால் இதுதான் விஷயத்தின் மையம் என்று நினைக்கிறேன். நீலத் திரையோ ஒரு பிழைச் செய்தியோ வந்தால், கம்ப்யூட்டர் "இது நடக்காது" என்ற முடிவுக்கு வந்துவிட்டது, காரணத்தையும் ஓரளவு சொல்லிவிட்டது. புள்ளிகள் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தால் அது இன்னும் அந்த முடிவுக்கு வரவில்லை. யாரோ ஒருவருடைய பதிலுக்காகக் காத்திருக்கிறது.

யாருடைய பதிலுக்கு? பழுதான டிஸ்க்கில் ஒரு இடத்தைப் படிக்க முடியவில்லை என்றால் டிஸ்க் உடனே கைவிடாது, திரும்பத் திரும்ப முயற்சி செய்யும், அதுவரை விண்டோஸ் அப்படியே நிற்கும். யூஎஸ்பியில் செருகிய ஏதோ ஒரு சாதனம் "நீ யார்" என்ற கேள்விக்குப் பாதிப் பதில் சொல்லிவிட்டு மௌனமாகிவிடும். லினக்ஸில் இதை நேரடியாகப் பார்க்கலாம்: இல்லாத டிஸ்க் ஒன்றை எதிர்பார்த்து, 1 நிமிடம் 30 விநாடி என்று கெடு வைத்துக்கொண்டு திரையில் விநாடிகளை எண்ணும். விண்டோஸ் இதே போன்ற காத்திருப்பை அந்தப் புள்ளிகளுக்குப் பின்னால் மறைத்துவிடுகிறது, அவ்வளவுதான்.

இதனால் முதலில் செய்ய வேண்டியது மிக எளிது. மவுஸ், கீபோர்டு தவிர எல்லாவற்றையும் கழற்றுங்கள்: பென் டிரைவ், எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க், பிரிண்டர், மெமரி கார்டு, யூஎஸ்பி ஹப், இரண்டாவது மானிட்டர். லேப்டாப் என்றால் சார்ஜரையும் பிடுங்கிவிட்டு, பேட்டரி கழற்றக்கூடியதாக இருந்தால் அதையும் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, உள்ளே தேங்கிய மின்சாரம் போன பிறகு மறுபடி ஆன் செய்யுங்கள். இதிலேயே சரியாகிவிட்டால், கழற்றியதை ஒவ்வொன்றாகச் செருகி ஒவ்வொரு முறையும் ரீஸ்டார்ட் செய்து பாருங்கள், எது செருகும்போது நிற்கிறதோ அதுதான் குற்றவாளி.

அப்டேட் நடப்பதாகத் திரையில் சொன்னால் மட்டும் அவசரப்படாதீர்கள். பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள கம்ப்யூட்டரில் பெரிய அப்டேட் ஒன்று மணிக்கணக்கில் ஓடக்கூடும். டிஸ்க் லைட் விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது, விட்டுவிடுங்கள். சதவீதம் இரண்டு மூன்று மணி நேரமாக நகராமல், லைட்டும் அசையாமல் இருந்தால்தான் பவர் பட்டனைத் தொட வேண்டும்.

திரையைப் பார்த்து இடத்தைக் கண்டுபிடிப்பது

*திரையில் எதுவுமே இல்லை, விசிறி மட்டும் சுற்றுகிறது.* இது முதல் இரண்டு கட்டங்களில் நின்ற நிலை, விண்டோஸுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மானிட்டர் கேபிளும் அதன் பவரும் சரியா என்று பார்த்த பிறகு (சிரிக்காதீர்கள், இதுவும் அடிக்கடி காரணமாக இருக்கிறது) மதர்போர்டைப் பாருங்கள். பல மதர்போர்டுகளில் பிராசஸர், ரேம், டிஸ்ப்ளே, பூட் என்று நான்கு குட்டி விளக்குகள் வரிசையாக இருக்கும், எது அணையாமல் எரிகிறதோ அங்கே நின்றிருக்கிறது. சில போர்டுகள் பீப் சத்தத்தில் சொல்லும், எத்தனை பீப் என்றால் என்ன என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும், கையேட்டைப் பார்க்க வேண்டும்.

டெஸ்க்டாப்பில் அதிகம் தகராறு செய்வது ரேம். மின்சாரத்தை முழுவதும் துண்டித்துவிட்டு, இரு பக்கமும் உள்ள பிடிகளை விலக்கினால் ரேம் துண்டு மேலே எழும்பும். அதன் அடிவிளிம்பில் தங்க நிறப் பட்டைகள் வரிசையாக இருக்கும், அவை மங்கியிருந்தால் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளை ஊதிவிடாமல் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். திரும்பச் செருகும்போது நடுவில் உள்ள வெட்டு பொருந்துகிறதா என்று பார்த்து, இரு முனையிலும் கட்டைவிரலால் அழுத்தினால் 'டக்' என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் வராவிட்டால் அது உட்காரவில்லை. இரண்டு துண்டுகள் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டு முயலுங்கள், அப்புறம் மற்றதை. டிடிஆர்5 ரேம் புதிதாகப் போட்டிருந்தால் முதல் முறை சில நிமிடங்கள் கறுப்புத் திரையாகவே இருக்கலாம், ஃபர்ம்வேர் அதைப் பழக்கிக்கொண்டிருக்கிறது, அது கோளாறல்ல.

*கம்பெனி லோகோ வருகிறது, புள்ளிகள் வரவில்லை.* இந்த லோகோவைக் காட்டுவது ஃபர்ம்வேர். கீழே சுற்றும் புள்ளிகளைக் காட்டுவது விண்டோஸ். ஆகவே புள்ளி இல்லாத லோகோ என்றால் இரண்டாம் கட்டத்திலோ மூன்றாம் கட்டத்திலோ நின்றிருக்கிறது. ஆன் செய்த உடனே எஃப்2 அல்லது டெலீட் கீயைத் தட்டிக்கொண்டே இருந்து பயாஸுக்குள் போக முடிகிறதா பாருங்கள் (சில லேப்டாப்புகளில் எஃப்10 அல்லது எஸ்கேப்). போக முடிந்தால் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்:

1. டிஸ்க்கின் பெயர் பட்டியலில் இருக்கிறதா? இல்லையென்றால் கேபிள், இணைப்பு, அல்லது டிஸ்க்கே போயிருக்கிறது. எஸ்எஸ்டிகள் முன்னறிவிப்பே இல்லாமல் இப்படிக் காணாமல் போவதுண்டு.
2. பூட் வரிசையில் விண்டோஸ் உள்ள டிஸ்க் முதலில் இருக்கிறதா?
3. தேதியும் நேரமும் சரியா? பல வருடம் பின்னால் போயிருந்தால் மதர்போர்டில் இருக்கும் நாணயம் போன்ற 3 வோல்ட் பேட்டரி, சிஆர்2032, தீர்ந்துவிட்டது. இது கடிகாரப் பிரச்சினை மட்டும் அல்ல. பேட்டரி போனால் பல கம்ப்யூட்டர்களில் பயாஸ் அமைப்புகள் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடும், டிஸ்க்கைப் படிக்கும் முறை ஏஹெச்சிஐயிலிருந்து ரெய்டுக்கோ மறுதிசையிலோ மாறிவிட்டால் விண்டோஸ் தன் டிஸ்க்கையே கண்டுபிடிக்க முடியாமல் 'இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்று பிழைத் திரை காட்டும். பழைய முறைக்கு மாற்றினால் சரியாகிவிடும். இதற்குப் போய் முழு ஃபார்மட் செய்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள், பாவம்.

*புள்ளிகள் சுற்றுகின்றன, முடியவில்லை; அல்லது தானே ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருக்கிறது.* நான்காம் கட்டம். டிரைவர், அரைகுறையாக முடிந்த அப்டேட், கெட்டுப்போன சிஸ்டம் ஃபைல், அல்லது பழுதாகும் டிஸ்க். பெரும்பாலான தொல்லை இங்கேதான், இதைத் தனியாகப் பார்ப்போம்.

*பாஸ்வேர்டு போட்ட பிறகு கறுப்புத் திரை.* ஐந்தாம் கட்டம். கீபோர்டில் கேப்ஸ் லாக் அழுத்திப் பாருங்கள், விளக்கு எரிந்து அணைந்தால் கம்ப்யூட்டர் உயிரோடுதான் இருக்கிறது, திரைக்குத்தான் ஏதோ ஆகியிருக்கிறது. விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் ஒன்றாக அழுத்தினால் டிஸ்ப்ளே டிரைவர் புதிதாகத் தொடங்கும். அதற்கும் மசியாவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து எக்ஸ்புளோரரைப் புதிதாக ஓட்டிப் பார்க்கலாம்.

நான்காம் கட்டம் எவ்வளவு ஆபத்தான இடம்: 2024 ஜூலை 19

அன்று உலகம் முழுவதும் விமான நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் வங்கிகளிலும் நீலத் திரைகள் வந்தது நினைவிருக்கும். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு அப்டேட் ஃபைலில் பிழை இருந்தது. அந்த மென்பொருளின் டிரைவர் கெர்னலோடு சேர்ந்து ஏறுவது, அதனால் பிழையான ஃபைலைப் படித்தவுடன் முழு விண்டோஸும் விழுந்தது. ரீஸ்டார்ட் செய்தால் மறுபடி அதே டிரைவர், அதே ஃபைல், அதே விழுதல். சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது.

நிறுவனம் ஒன்றரை மணி நேரத்துக்குள்ளேயே பிழையான ஃபைலைத் திரும்பப் பெற்றுவிட்டது. ஆனால் விழுந்த கம்ப்யூட்டர்களில் பலவற்றுக்கு அதனால் பயனில்லை, ஏனென்றால் இன்டர்நெட்டில் சேர்ந்து புதிய ஃபைலை வாங்கும் நிலைக்கு வருவதற்கு முன்பே அவை விழுந்துகொண்டிருந்தன. கடைசியில் யாராவது ஒருவர் ஒவ்வொரு கம்ப்யூட்டரின் முன்னாலும் உட்கார்ந்து, சேஃப் மோடில் (அத்தியாவசியமான டிரைவர்கள் மட்டும் ஏறும் நிலையில்) போய், அந்த ஒரு ஃபைலை அழிக்க வேண்டியிருந்தது. கோளாறு ஒரே ஒரு சின்ன ஃபைல், ஃபார்மட் எதுவும் தேவைப்படவில்லை. உங்கள் கம்ப்யூட்டர் புள்ளிகளில் நிற்கும்போதும் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மீட்புத் திரைக்குப் போவது

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மீட்புக்கென்று தனியாக ஒரு குட்டி விண்டோஸ் டிஸ்க்கிலேயே ஒளிந்திருக்கிறது. தொடர்ந்து இரண்டு முறை ஸ்டார்ட் ஆகத் தவறினால் அடுத்த முறை அது தானாக வரும். வராவிட்டால் வரவைக்கலாம்: புள்ளிகள் தெரிந்ததும் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து அணையுங்கள், இன்னொரு முறையும் அப்படியே, அடுத்த முறை ஆன் செய்து விட்டுவிடுங்கள். அப்டேட் ஓடும்போதும், டிஸ்க்கில் 'டிக் டிக்' சத்தம் கேட்கும்போதும் இதைச் செய்யக் கூடாது. டிஸ்க்கே தெரியாத நிலையில் இது வராது, அப்போது வேறு கம்ப்யூட்டரில் விண்டோஸ் இன்ஸ்டால் செய்யும் பென் டிரைவ் ஒன்று தயாரித்து அதிலிருந்து போக வேண்டும்.

போகும் வழியில் விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் 48 இலக்க எண் ஒன்றைக் கேட்கலாம். இது பாஸ்வேர்டு அல்ல, டிஸ்க்கின் பூட்டுக்கான மீட்பு எண். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு பயன்படுத்தும் பல லேப்டாப்புகளில் இந்தப் பூட்டு தானாகவே போடப்பட்டிருக்கும், எண் அந்தக் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும், போனில் கணக்கைத் திறந்து எடுத்துக்கொள்ளலாம். இந்த எண் எங்கேயும் கிடைக்காவிட்டால் யாராலும் அந்த டேட்டாவைத் திறக்க முடியாது, திறந்து தருகிறேன் என்று பணம் கேட்பவர்களை நம்பாதீர்கள். கம்ப்யூட்டர் நன்றாக ஓடும்போதே இதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மீட்புத் திரையில் பல வழிகள் இருக்கும். குறைவான சேதம் முதலில், அதிகமான சேதம் கடைசியில் என்ற வரிசையில் போனால் நல்லது:

1. ஸ்டார்ட்அப் ரிப்பேர். பூட் லோடர் குறிப்புகள் கெட்டிருந்தால் சரிசெய்யும். "சரிசெய்ய முடியவில்லை" என்று சொன்னால் மனம் தளர வேண்டாம், அடுத்ததுக்குப் போங்கள்.

2. கடைசி அப்டேட்டை நீக்குவது. நேற்று வரை ஓடியது, இரவு அப்டேட் ஆனது, காலையில் நிற்கிறது என்றால் முதல் சந்தேகம் இதன்மேல்தான்.

3. சேஃப் மோட். ஸ்டார்ட்அப் செட்டிங்ஸில் போய் 4ஐ அழுத்தினால் அத்தியாவசியமான டிரைவர்களோடு மட்டும் ஆன் ஆகும். இது பழுதுபார்க்கும் வழி மட்டும் அல்ல, ஒரு சோதனையும்கூட: சேஃப் மோடில் நன்றாக வருகிறது என்றால் டிஸ்க்கும் கெர்னலும் பெரும்பாலும் நலம், கூடுதல் டிரைவரோ புரோகிராமோதான் காரணம். சமீபத்தில் போட்ட டிஸ்ப்ளே டிரைவர், ஆன்டிவைரஸ் இரண்டையும் நீக்கிப் பாருங்கள்.

4. சிஸ்டம் ரீஸ்டோர். விண்டோஸையும் டிரைவர், புரோகிராம்களையும் முந்தைய தேதியின் நிலைக்குத் திருப்பும், உங்கள் ஆவணங்களைத் தொடாது. இது முன்பே ஆன் செய்யப்பட்டிருந்தால்தான் கிடைக்கும்.

5. கமாண்ட் பிராம்ப்டில் (கட்டளையைத் தட்டச்சு செய்யும் திரையில்) டிஸ்க்கைச் சோதிக்கும் செக்டிஸ்க் (chkdsk), சிஸ்டம் ஃபைல்களைச் சரிபார்க்கும் எஸ்எஃப்சி (sfc). இங்கே ஒரு கண்ணி: மீட்புத் திரையில் டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கலாம், விண்டோஸ் உள்ள இடம் 'சி'யாக இல்லாமல் 'டி'யாக இருக்கலாம். எது என்று பார்த்துவிட்டுக் கட்டளை கொடுங்கள்.

6. "என் ஃபைல்களை வைத்துக்கொள்" என்று ரீசெட். ஆவணங்கள் இருக்கும், நீங்கள் போட்ட புரோகிராம்கள் எல்லாம் போய்விடும்.

ஒரு நாள் நன்றாக வருகிறது, ஒரு நாள் நிற்கிறது என்றால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பைச் சந்தேகியுங்கள். இது ஆன் இருக்கும்போது 'ஷட் டவுன்' என்பது முழுமையாக அணைப்பது அல்ல. கெர்னலும் டிரைவர்களும் இருந்த நிலையை அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்து, மறுநாள் அதையே திரும்ப ஏற்றுகிறது. அந்த நிலையிலிருந்து மீள முடியாத டிரைவர் ஒன்று இருந்தால் போதும், நின்றுவிடும். ரீஸ்டார்ட் இந்த வழியைப் பயன்படுத்துவதில்லை, அதனால்தான் ஷட் டவுன் செய்து போட்டால் தகராறு செய்யும் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் செய்தால் ஒழுங்காக வருகிறது. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் போய் அணைத்துவிடலாம்.

மேக் பயன்படுத்துபவர்களுக்கு: ஆப்பிள் சிப் உள்ளவற்றில் பவர் பட்டனை விடாமல் பிடித்தால் தேர்வுகள் வரும், டிஸ்க்கைத் தேர்ந்து ஷிஃப்டைப் பிடித்தபடி தொடர்ந்தால் சேஃப் மோட். லினக்ஸில் பூட் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்து பாருங்கள், லாகின் திரைக்கே திரும்பத் திரும்ப வந்தால் டிஸ்க் நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள்.

டிஸ்க் சாகிறது என்று தோன்றினால்

கம்ப்யூட்டர் சில வாரங்களாகவே மந்தமாகி, ஃபைல் திறக்க நேரம் எடுத்து, அப்புறம் நின்றிருந்தால், அல்லது ஹார்ட் டிஸ்க்கிலிருந்து தட்டும் சத்தம் வந்தால், மேலே சொன்ன ரிப்பேர் எதையும் செய்யாதீர்கள். செக்டிஸ்க் டிஸ்க் முழுவதையும் துழாவக்கூடும். சாகும் டிஸ்க்குக்கு அதுவே கடைசி ஓட்டமாகிவிடலாம். பென் டிரைவிலிருந்து நேரடியாக ஓடும் லினக்ஸ் ஒன்றைப் போட்டு, திருப்பி வாங்கவே முடியாதவற்றை, குடும்பப் படங்கள், எழுதியவை, கணக்குகள், முதலில் வேறு டிஸ்க்குக்கு எடுங்கள். சினிமாவும் இன்ஸ்டால் ஃபைல்களும் பிறகு. தட்டும் சத்தம் பலமாக இருந்து டேட்டா உயிர்போகும் முக்கியம் என்றால் உடனே அணைத்துவிட்டு டேட்டா மீட்பவர்களிடம் கொடுப்பதுதான் சரி, ஒவ்வொரு நிமிட ஓட்டமும் உள்ளே இருப்பதைக் குறைக்கிறது.

சர்வீஸுக்குக் கொடுப்பதாக இருந்தால் "ஸ்டார்ட் ஆகலை" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தத் திரையில் நின்றது, புள்ளிகள் வந்தனவா, கடைசியாக என்ன மாற்றினீர்கள், என்ன பிழைச் செய்தி (போனில் ஒரு படம் எடுத்தால் போதும்), எதையெல்லாம் ஏற்கனவே முயன்றீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கீழே பெரிதாக இன்னொரு வரி: "டேட்டா வேண்டும், என்னைக் கேட்காமல் ஃபார்மட் செய்ய வேண்டாம்."